சுமாராகப் பாடுகிறவரைப் பதிவு செய்வது

என்னிடம் பாட வருகிறவர்களில் மேடைப் பாடகர்கள் குறைவு. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பள்ளி ஆசிரியை, பேரனின் பிறந்தநாளுக்குத் தன் குரலில் ஒரு பாட்டு வேண்டும் என்கிற தாத்தா, சொந்தமாக முருகன் பாட்டு எழுதி யூடியூபில் போட நினைப்பவர். எல்லோருக்கும் ஆசை இருக்கிறது, பெரும்பாலும் காதும் இருக்கிறது. குரல்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இவர்களைப் பதிவு செய்து, இசையோடு கலந்து மிக்ஸ் செய்து கொடுப்பது என் பிழைப்பில் பாதி.

நன்றாகப் பாடுகிறவருக்கு மைக்கை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். சுமாராகப் பாடுகிறவருக்குத்தான் எஞ்சினியர் தேவைப்படுகிறார். அதிலும் முக்கால்வாசி வேலை ரெக்கார்டு பட்டனை அமுக்குவதற்கு முன்பே நடக்கிறது.

முதலில் சுருதி. "ஒரிஜினல் சுருதியிலேயே பாடிடுறேன் தம்பி" என்றுதான் பெரும்பாலானோர் ஆரம்பிப்பார்கள். நான் வாதாடுவதில்லை. சரணத்தின் உச்ச வரியை மட்டும் முதலில் பாடச் சொல்வேன். கழுத்து நரம்பு புடைத்தால் அவருக்கே தெரிந்துவிடும். "சார், ரெண்டு கீ இறக்கிப் பார்ப்போமா?" என்றால் அப்புறம் மறுப்பு வராது. கரோக்கி டிராக்கின் வேகம் மாறாமல் இரண்டு அரைச்சுரம் இறக்குவது இன்றைய மென்பொருளுக்குப் பெரிய விஷயமில்லை. அதற்கு மேல் போனால் தபேலாவும் கிட்டாரும் மந்தமாகிவிடும். பல்லவியின் கீழ்ச்சுரங்களும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். எவ்வளவு இறக்குவது என்பது உச்சத்துக்கும் அடிக்கும் நடுவே நடக்கிற பேரம்.

மைக் விஷயத்தில் பலருக்கு ஏமாற்றம். வீடியோக்களில் பார்த்த பெரிய கண்டென்சர் மைக்கை எதிர்பார்த்து வருவார்கள். சாதாரண அறையில் அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வரைக்கும் பிடித்துக் கொடுக்கும். 1966-இல் வந்த ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை அரைச் சாண் தூரத்தில் வைத்துப் பாடினால் அறை அவ்வளவாகக் கேட்காது. ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். சித்திரை மாதத்தில் அது ஒரு தண்டனைதான். இன்னொன்று, எதிரொலியை அடக்க ரஜாயை (தடித்த போர்வையை) மைக்குக்குப் பின்னால் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். மைக் பார்த்துக்கொண்டிருப்பது பாடுகிறவரை. அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பட்டு வரும் சத்தம்தான் நேராக அதற்குள் போகிறது. ரஜாய் அங்கே தொங்க வேண்டும்.

என் அனுபவத்தில் சுமாரான குரலை அதிகம் மாற்றுவது ஹெட்போன். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்டு 1911-இல் எழுதியதால் இதை லொம்பார்டு விளைவு என்பார்கள். கரோக்கியை உரக்க வைத்தால் பாடுகிறவர் கத்துகிறார். கத்தினால் சுருதி போய்விடுகிறது. அவருடைய குரலையே உரக்கக் கேட்க வைத்தாலோ, பயந்து முணுமுணுக்கிறார். ஆகவே டிராக்கின் சத்தத்தைக் குறைத்து, குரலை ஒரு படி தூக்கி, கொஞ்சம் ரிவெர்பும் (பெரிய கூடத்தில் பாடுவது போன்ற முழக்கம்) கலந்து காதுக்குக் கொடுப்பேன். அந்த ரிவெர்ப் பதிவாகாது, தைரியத்துக்கு மட்டும். ஒரு காதைத் திறந்துவிடச் சொன்னால் சிலருக்குச் சுருதி சட்டென்று சேர்ந்துவிடும். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றி வருவதில் தாமதம் இருந்தால் எல்லாமே பாழ். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலிருந்தே குரலை நேராகக் காதுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டரிங்கைப் போட்டுவிடுவது நல்லது.

அப்புறம், வரி வரியாக நிறுத்தி நிறுத்திப் பாட வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுப் பாட்டையும் மூன்று நான்கு தடவை பாடவிட்டு, நல்ல வரிகளைப் பொறுக்கிக் கோர்ப்பேன். தொண்டை களைத்தபின் எத்தனை தடவை பாடினாலும் முதலில் வந்தது வராது.

சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-டியூனைப் போட்டுவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். 1997-இல் அதை வெளியிட்ட ஆண்டி ஹில்டெபிரான்ட், அதற்கு முன் எண்ணெய் தேடுவதற்கான நில அதிர்வுத் தரவுகளில் வேலை செய்தவர். மென்பொருள் நல்ல மென்பொருள்தான். ஆனால் தானியங்கி முறையில் விட்டால் பன்னிரண்டு சுரங்களில் அருகிலிருக்கும் ஒன்றுக்கு இழுத்துவிடும். நம் பாட்டில் நிற்கிற சுரமும் உண்டு, அசைகிற சுரமும் உண்டு. தோடி ராகத்தில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதைப் பிடித்து நிறுத்தினால் கமகம் என்கிற அந்த அசைவு படிக்கட்டாகிவிடும். நான் மெலோடைன் என்ற இன்னொரு மென்பொருளில் கையால் திருத்துவேன். நீட்டிப் பிடித்த சுரங்களை மட்டும், அதுவும் நடுப்புள்ளி வரை இழுக்காமல். சுரத்திலிருந்து சுரத்துக்குச் சறுக்கிப் போகும் இடங்களைத் தொடுவதில்லை. சுருதியைவிடத் தாளம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். ஒரு வரி கால் அட்சரம் தாமதமாக எடுக்கப்பட்டிருந்தால், அதை முன்னே நகர்த்தினாலே பாதித் தவறு மறைந்துவிடும்.

மிக்ஸில் மாயம் ஒன்றுமில்லை. 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடிச்சத்தத்தை வெட்டுவது. டப்பாவுக்குள் பாடுவது போலிருந்தால் 300 ஹெர்ட்ஸ் பக்கம் குறைப்பது. 'ஸ்' ஓசை காதில் குத்தினால் அதை அடக்கும் டி-எஸ்ஸர். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரை ஒன்றே போட்டு நசுக்காமல் இரண்டை லேசாகப் போடுவது. நேரம் பிடிக்கிற வேலை வேறு: மூச்சு போதாதவர்கள் வரியின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். 'நெஞ்சு' என்பது 'நெஞ்' என்றே நின்றுவிடும். அந்தக் கடைசி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, வால்யூமைக் கையால் ஏற்றிவைக்க வேண்டும். எந்தப் பிளக்-இன் மென்பொருளும் இதைச் சரியாகச் செய்து நான் பார்த்ததில்லை. குரல் சுமார் என்பதற்காக டிராக்குக்குள் புதைப்பதும் எனக்குப் பிடிக்காது. வார்த்தை கேட்காவிட்டால் தாத்தா பாடியதாகப் பேரன் எப்படி நம்புவான்?

கடைசியில் போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை கேட்டுவிட்டு அனுப்புவேன். சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில் வரும்: "பிரமாதம் தம்பி, எக்கோ மட்டும் கொஞ்சம் கூட்டுங்க." எக்கோ கூடினால் நான் ஏற்றிவைத்த கடைசி எழுத்தெல்லாம் மறுபடி கரைந்துவிடும். விளக்கிச் சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதெல்லாம் இரண்டு பிரதிகளாகக் கொடுத்துவிடுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போவது பெரும்பாலும் எக்கோ உள்ளதுதான்.