சேதுக்கரையில் அஸ்தி கரைக்கப் போகிறவர்களுக்கு

கரையில் நடக்கிற காரியம் அரை மணி நேரம்தான். தவறுகள் பெரும்பாலும் சுடுகாட்டிலேயே தொடங்கிவிடுகின்றன.

எரியூட்டிய மறுநாள் காலையில் எலும்பு பொறுக்கப் போவோம். விறகுச் சிதை மேலே வெளுத்து ஆறின மாதிரி தெரியும், கிளறினால் உள்ளே கங்கு கிடக்கும். அந்தச் சூட்டோடு அள்ளிப் புதுக் கலயத்தில் போட்டால் கலயம் விரிசல் விட்டுவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கிய பிறகு பால் தெளிக்க வேண்டும். பால் அரை லிட்டர் போதும். தண்ணீர் இரண்டு குடமாவது வேண்டும். காலில் தொடங்கித் தலையில் முடிப்பது வழக்கம். எல்லாவற்றையும் அள்ள வேண்டாம், ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒன்றிரண்டு துண்டும் இரண்டு கை சாம்பலும் போதும். கலயத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் கொண்டு போகாமல் வெளியே மரத்தில் தொங்கவிடுவார்கள். காரில் கொண்டு போகும்போது பிரிமணை (பானை உருளாமல் வைக்கும் வளையம்) மேல் வையுங்கள். இல்லையென்றால் முதல் வேகத்தடையிலேயே உருண்டுவிடும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் சேதுக்கரையா, தேவிபட்டினமா, எந்தக் கரை என்பதைக் காற்றுதான் முடிவு செய்ய வேண்டும். சேதுக்கரை மன்னார் வளைகுடாப் பக்கம், தேவிபட்டினம் பாக் நீரிணைப் பக்கம். ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது சேதுக்கரையில் அலை தூக்கும், தேவிபட்டினம் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை (வடகிழக்குக் காற்று) வந்தால் நிலைமை தலைகீழ். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் எந்தக் கரையிலும் கால் வைக்க இடமிருக்காது. அஸ்திக்கு அமாவாசை பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

கொள்ளி வைத்தவர்தான் கலயத்தை ஏந்தி இறங்க வேண்டும். ஒருவர் பக்கத்தில் துணைக்கு நிற்கட்டும். இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், எதிர்த்து நின்றால் சாம்பல் முகத்தில்தான் அடிக்கும். கலயத்தைத் தூக்கிக் கவிழ்க்காமல், நீருக்குள் அமிழ்த்தி, அலை திரும்பும் நேரத்தில் மெல்லச் சாய்த்தால் எலும்பு அங்கேயே அடங்கிவிடும். சிலர் கலயத்தைத் தோளுக்குப் பின்னால் வீசி உடைக்கிறார்கள். அந்த ஓடு அடுத்து முழுக வருகிறவர் காலைக் கிழிக்கும். கட்டியிருந்த துணியையும் உடுத்திய வேட்டியையும் கடலில் விடாதீர்கள். பாவம் போகிறதோ இல்லையோ, மீன்பிடிக்கிறவர் வலையில் போய்ச் சிக்கும்.

கரையேறியதும் தர்ப்பணம் செய்கிறவர்கள் உண்டு, கருமாதியன்று வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது குடும்ப வழக்கம். கறுப்பு எள் நூறு கிராம், தர்ப்பை ஒரு கட்டு, பிண்டத்துக்குப் பச்சரிசி மாவு அரைக் கிலோ, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் போதும். மாவில் தண்ணீரைக் கொட்டினால் உருண்டை நிற்காது, தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். தெற்கே பார்த்து உட்கார்ந்து, எள்ளும் நீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும்படி விடுங்கள். எல்லோரும் தடுமாறுவது பெயரில்தான். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா வரை எப்படியோ வந்துவிடும். அம்மா வழிப் பாட்டி பெயர் கேட்டால் முழிப்பார்கள். இரண்டு பக்கமும் மூன்று தலைமுறையை முதல் நாளே எழுதி, நனையாத ஆள் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று சொல்லி நடத்துவார்கள். தட்சிணை எவ்வளவு, சாமான் யாருடையது என்பதை உட்காருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இவ்வளவு தூரம் வந்தோமே என்று பக்கத்திலிருக்கிற திருப்புல்லாணிப் பெருமாளையோ, ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தங்களையோ பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் நிறைய. ராமன் கடலரசனிடம் வழி கேட்டுத் தர்ப்பைப் புல்லில் கிடந்த ஊர் திருப்புல்லாணி என்பது ஐதீகம். ஆசை வருவது இயல்புதான். ஆனால் பங்காளிகளுக்குத் தீட்டு கழியவில்லை. கருமாதி முடிந்த பிறகு தனியாக வாருங்கள்.

கருமாதி பெரும்பாலும் 16-ஆம் நாள். இறப்பைக் கட்டணமில்லாமல் பதிய 21 நாள்தான். காரியம் முடியட்டும் என்று விட்டால் கையில் ஐந்து நாள் மிஞ்சும், அதில் சனி ஞாயிறு வேறு வரலாம். கிராமமானால் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்), நகரமானால் நகராட்சியில் முதல் வாரமே பதிந்துவிடுங்கள். பெயரின் எழுத்து ஆதாரில் இருக்கிறபடியே இருக்கிறதா என்று சான்றிதழை வாங்கும்போதே பாருங்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் வங்கிக்கும் அதைத்தான் கேட்பார்கள்.