தத்தகாரம் சொல்லிக் கொடுத்தது

சென்னைக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை டிராக் பாடுவது. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால், மெட்டு எப்படிப் போகிறது என்று காட்ட யாராவது பாடி வைக்க வேண்டும். அவர் பாடியதும் நம் குரலை எடுத்துவிடுவார்கள். சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்ன ஸ்டூடியோவில்தான் ஆரம்பித்தேன். சில நாள் கவரில் பணம் வரும், சில நாள் "அடுத்த பாட்டுல சான்ஸ் தர்றோம்மா" என்ற பேச்சு மட்டும் வரும். உழைப்புக்குக் கூலி தராமல் சான்ஸைக் காட்டுவது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் பாட்டு எழுதக் கற்றுக்கொண்டது அந்தக் கண்ணாடி அறைக்குள்தான். பெரும்பாலும் வரிகளே இருக்காது. "தன்னன்னா தானானா" என்று தத்தகாரத்தில் பாடுவேன். சில நாள் கழித்து அதே மெட்டுக்கு வரிகள் வரும்போது ஒன்று புரிய ஆரம்பித்தது. மெட்டு நீளுகிற இடத்தில் குறில் விழுந்தால் சொல் உடைந்துவிடும். "மழை" என்று எழுதியிருப்பார்கள்; முதல் எழுத்தை இழுத்தால் காதில் "மாழை" என்று விழும். உச்சத்தில் நிறுத்த வேண்டிய இடத்தில் "காற்று" வந்தால் இன்னும் கஷ்டம். அந்த "று" குற்றியலுகரம், அரை மாத்திரை. மூச்சைக் கொடுத்து நிறுத்தினாலும் நிற்காது. அதையே "காற்றே" என்று மாற்றினால் குரல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். நம் பாட்டுகளில் நிலவையும் காற்றையும் இவ்வளவு பேர் கூப்பிடுவதற்குக் காதல் மட்டுமல்ல, அந்த ஏகாரமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த மாத்திரைக் கணக்கு தொண்டைக்குள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

எனக்கென்று ஒரு பாட்டு உருவானது வடபழனியிலிருந்து பெசன்ட் நகர் போகிற பஸ்ஸில். மெட்டும் வரியும் சேர்ந்தே வந்தன. எலியட்ஸ் கடற்கரையில் நண்பர்களுக்குப் பாடிக் காட்டினேன். அப்புறம் ஒரு நிறுவனம் வெளியிடுவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியது. மகிழ்ச்சியில் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஸ்டூடியோவின் சவுண்ட் என்ஜினியர் அண்ணாதான், "வீட்டுக்குப் போய் ஒவ்வொரு வரியா படிச்சுட்டு வாம்மா" என்றார்.

படித்தேன். ஒரே ஒரு தொகை. அதற்குப் பிறகு ராயல்டி, அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் வர வேண்டிய பங்குப் பணம், எதையும் கேட்க மாட்டேன் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு சமமாக உள்ள பங்கை இப்படி எழுதி வாங்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். வாரிசுகளுக்கோ, வசூலித்துப் பிரித்துத் தருகிற பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்றிக் கொடுக்கலாம். அப்படியொரு சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். 1969இலிருந்து இருக்கிறது. ஆறு வருடம் பாட்டு கற்றேன், இதை ஒருவரும் சொல்லவில்லை. பாட்டு வகுப்பிலேயே சொல்லித் தர வேண்டிய விஷயம் இது. அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டு நாள் அழுதேன்.

சரி, நாமே செய்யலாம் என்று முடிவு செய்தேன். பகலில் என் அறையில் ஆட்டோ சத்தம், குக்கர் சத்தம், காக்கை. அதனால் இரவு இரண்டு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, கதவிலும் ஜன்னலிலும் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பாடினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. நான்காவது நாள் ஒரு டேக் சரியாக வந்தது. அண்ணா மிக்ஸிங் செய்து கொடுத்தார்.

இணையத்தில் வெளியிடும் படிவத்தில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. டிராக் பாடிய காலத்தில் எந்தப் பாட்டிலும் என் பெயர் வந்ததில்லை. மூன்று கட்டத்திலும் ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் அடித்தேன்.