பத்து வருடத் திட்டமும் எங்கள் பஸ் தரிப்பும்

"நிலைபேறு எண்டா என்ன தம்பி?"

எங்கள் ஊர்க் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, வீடு வீடாகப் போட்ட துண்டுப் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார். அதில் தமிழும் இருந்தது. 'நிலைபேறான நகரத்துக்கு உங்கள் கருத்து' என்று கொட்டை எழுத்தில். ஆங்கிலத்தில் sustainability என்பதைத்தான் அப்படிப் போட்டிருந்தார்கள். எனக்கும் சட்டென்று விளக்க வரவில்லை. "இந்த ஊரில உங்களுக்கு என்ன வேணும் எண்டு கேக்கினம்" என்றேன். அம்மா யோசிக்கவே இல்லை. "பஸ்ஸுக்கு நிக்கிற இடத்தில நிழல் வேணும்."

நாங்கள் இருப்பது மேற்கு சிட்னி. கடற்காற்று இங்கே வந்து சேருவதற்குள் களைத்துவிடும். 2020 ஜனவரி 4ஆம் திகதி இதே மேற்கு சிட்னியில் உள்ள பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. எங்கள் தெருமுனைப் பஸ் தரிப்பில் இருப்பது ஒரு கம்பம் மட்டும். அம்மா குடையைப் பிடித்தபடி அதன் கீழே நிற்பார்.

எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் கவுன்சில் தேர்தல் முடிந்தால், குறைந்தது 10 வருடத்துக்கான சமூகத் திட்டத்தைப் புதிய கவுன்சில் மீளாய்வு செய்யவேண்டும். அதற்குச் சனத்தின் கருத்தைக் கேட்பதும் சட்டப்படி கட்டாயம். 2024 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. அடுத்த ஜூன் 30க்குள் புதிய திட்டத்தைக் கவுன்சில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் போனது, கடைத்தொகுதியில் அவர்கள் போட்டிருந்த மேசைக்கு. பெரிய மட்டை ஒன்றில் 'பசுமையான நகரம்', 'பாதுகாப்பான தெருக்கள்' என்று கட்டங்கள். கையில் மூன்று ஒட்டுப்பொட்டுகள். பிடித்த கட்டத்தில் ஒட்டவேண்டுமாம். பசுமை வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஒரு சின்னப் பெடியன் ஒன்றைத் தன் மூக்கில் ஒட்டிக்கொண்டு போனான். அவன் செய்ததுதான் சரி என்று பட்டது.

ஆனால் அந்த மேசையில் இருந்த பிள்ளை சொன்ன ஒரு விசயம்தான் எனக்கு வழிகாட்டியது. 10 வருடத் திட்டத்தில் இருப்பது விருப்பங்கள். அதன் கீழே 4 வருட நிறைவேற்றுத் திட்டம் ஒன்று, அதற்கும் கீழே வருடாவருடம் வரவு செலவோடு ஒரு செயற்பாட்டுத் திட்டம். காசு இருப்பது கீழே உள்ள இரண்டிலும். "வரைவு வெளிவந்ததும் அதைப் பாருங்கோ" என்றார். வரைவை 28 நாளாவது பார்வைக்கு வைக்கவேண்டும். நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன்.

நான் முதலில் எழுதியது இரண்டு பக்கம். பூமி வெப்பமாவது தொடங்கி, ஊரில் எங்கள் வளவில் நின்ற வேப்பமரம் வரைக்கும் போய்விட்டது. அடுத்த நாள் வாசித்தால் எனக்கே அலுப்பாக இருந்தது, கிழித்துப்போட்டேன். அப்புறம் ஒரு ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு, பஸ் தரிப்பில் இருந்து ரயில் நிலையம் வரைக்கும் போனை எடுத்துக்கொண்டு நடந்தேன். நிழல் விழுகிற இடத்தையும் விழாத இடத்தையும் படம் எடுத்தேன். ஒரே பக்கத்தில் மூன்று கோரிக்கை: நடைபாதையில் நிழல்மரம், தரிப்புக்குக் கூரை, கூடுதல் பஸ்.

மூன்றாவதை எழுதியிருக்கத் தேவையில்லை. பஸ் ஓட்டம் மாநில அரசின் வேலை. கவுன்சில் பரிந்து பேசலாம், அவ்வளவுதான். மரத்திலும் ஒரு சிக்கல். மின்கம்பி போகிற பக்கத்தில் உயரமாக வளரும் மரம் நட மாட்டார்கள். அதனால் எதிர்ப்பக்கத்தைக் கேட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார். மரமே வேண்டாம் என்று அவரும் எழுதியிருக்கிறார்! இலை விழுந்து கூரைப் பீலி அடைக்கும், வேர் கொங்கிறீற்றைக் கிளப்பும் என்று. கோயிலில் கண்டபோது அரை மணித்தியாலம் வாக்குவாதம். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் சொன்னதிலும் பிழை இல்லை. கூட்டுகிறவர் அவர்தானே.

கவுன்சில் கூட்டத்தில் பேச முன்கூட்டியே பதியவேண்டும். எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். படங்களைக் காட்டி முடிக்கவே மணி அடித்துவிட்டது. கூட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் எல்லாருடைய கருத்தும் பெயரில்லாமல் அட்டவணையாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரே 'கவனத்தில் எடுக்கப்பட்டது'. அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். கூரைக்கு, 'முன்னுரிமைப் பட்டியலில் பரிசீலிக்கப்படும்'. வீட்டு வரியைக் கவுன்சில் நினைத்தபடி கூட்ட முடியாது, உச்சவரம்பை ஐபார்ட் என்ற மாநில அமைப்பு நிர்ணயிக்கிறது என்பதால் அந்தப் பட்டியல் மெதுவாகத்தான் நகரும்.

மரத்துக்கு நேரே மட்டும் 'மாற்றப்பட்டது'. 'மர நிழலைக் கூட்டுதல்' என்று பொதுவாக இருந்த வரி, 4 வருடத் திட்டத்தில் 'பஸ், ரயில் நிலையங்களுக்கு நடக்கும் பாதைகளுக்கு முன்னுரிமை' என்று ஆகியிருந்தது. என்னால் மட்டும் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடப் பெற்றோர் சிலரும் இதையே கேட்டிருந்ததை அட்டவணையில் பார்த்தேன்.

ஓகஸ்டில் நாலு கன்று வைத்தார்கள், பக்கத்துக்கு ஒரு மரக்கட்டை ஊன்றி. இலை பற்றி எழுதியவரின் வாசலை விட்டுவிட்டு, இரண்டு வீடு தள்ளித் தொடங்கியிருக்கிறது. என் இடுப்பளவு உயரம்கூட இல்லை. தரிப்பில் இன்னமும் கம்பம்தான். அம்மா குடையோடுதான் போகிறார். மற்றக் கையில் அரிசி கழுவின தண்ணீர் ஒரு போத்தலில்.