எட்டாயிரம் ரூபாய்க்கு ஐந்து நடை: அப்பாவின் தடைக்கால நிவாரணம்

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் (மீன் இனப்பெருக்கக் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத நாட்களுக்காக அரசு மீனவர் குடும்பங்களுக்குத் தரும் பணம்) தெருவில் எல்லாருக்கும் வந்து உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால், வேறு எங்கும் ஓடாமல் முதலில் பாஸ்புக்கோடு வங்கிக்குப் போங்கள். 2025-ல் எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

அப்பா சென்னை காசிமேட்டில் லாஞ்சில், அதாவது விசைப்படகில், மீன்பிடிக்கப் போகிறவர். சொந்தப் படகு கிடையாது, பங்குக்குத்தான் தொழில். தடை 45 நாளாக இருந்த காலத்திலேயே கடைசி வாரம் மளிகைக்கடையில் கடன் சொல்லுவோம், 2017-ல் 61 நாள் ஆனபிறகு அந்தக் கடன் ஜூன் பாதி வரைக்கும் நீள்கிறது. ஆனாலும் அப்பா ஒரு நாளும் தடையைக் குறை சொன்னதில்லை. சினையோடு இருக்கிற மீனை இப்போதே வலையில் வாரிவிட்டால் ஐப்பசியில் எதைப் பிடிப்பது என்பார். அவர் சொல்வது சரிதான். ஏப்ரல் 15-ல் படகைக் கட்டிவிட்டு உட்காருகிற மனிதனுக்கு, வர வேண்டிய பணம் நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

முதல் நடை மீன்வளத் துறை அலுவலகத்துக்கு. ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் சங்க உறுப்பினர் அட்டை எல்லாம் சரியாக இருந்தும் "பேர் லிஸ்ட்ல இருக்கு, வரும் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் காத்திருந்து மறுபடி போனேன். லிஸ்டில் பெயர் இருக்கிறதா என்று கேட்காமல், பணம் திரும்பி வந்தவர்கள் லிஸ்டைப் பாருங்கள் என்று கேட்டேன் (பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தது). அதில் அப்பா பெயர் இருந்தது. பணத்தை அனுப்பியிருக்கிறார்கள், வங்கிதான் ஏற்காமல் திருப்பியிருக்கிறது.

மூன்றாவது நடை வங்கிக்கு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு. கே.ஒய்.சி. (வங்கியில் கொடுக்கும் அடையாள விவரம்) புதுப்பிக்காததால் கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்களாம். மெசேஜ் அனுப்பினோம் என்கிறார்கள், அந்த நம்பர் இருந்த போன் கடலில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. சரி, கைரேகை வைத்தால் முடிந்துவிடும் என்றார்கள். அப்பாவின் விரல்களைப் பார்த்தால் தெரியும், ரோப் இழுத்தும் ஐஸ் அள்ளியும் பெருவிரலில் கோடே இல்லை, வழவழவென்று இருக்கும், குறுக்கே ஒரு பழைய தழும்பு மட்டும். கவுன்ட்டரில் இருந்தவர் மெஷினைத் துடைத்தார், அப்பா விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தார், பத்து விரலும் முடிந்தது, ஒன்றும் விழவில்லை. "ரேகை விழாம நான் ஒண்ணும் பண்ண முடியாது பெரியவரே, ஆதார் சென்டர்ல புதுசா பதிச்சிட்டு வாங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா கையை மடக்கி வைத்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்தவர் மாதிரி நகர்ந்து நின்றார். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. அந்தக் கையால்தானே எங்களையெல்லாம் வளர்த்தார்.

நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. மறுநாளும் போட்டேன். ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபிறகு, அங்கே இருந்த பெண் அப்பா விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தேய்ந்துபோன ரேகையை எத்தனை முறை பதிந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றார். கருவிழியை வைத்து மொபைல் நம்பரை மாற்றிக் கொடுத்தார். கூடவே, வங்கியில் ரேகை கட்டாயம் இல்லை, ஆதார் நகலும் போட்டோவும் வைத்து பேப்பரில் ஃபாரம் கொடுத்தாலே போதும், மேனேஜரைப் பாருங்கள் என்றும் சொன்னார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது நடையில் கவுன்ட்டருக்கே போகவில்லை, நேராக மேனேஜர் அறைக்குப் போனோம். ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார், அசல் ஆதாரைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார். பத்தே நிமிஷம். அன்று சாயங்காலமே கணக்கு திறந்துவிட்டது. கணக்கு சரியாகிவிட்டது என்று வங்கியில் இருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்கி, போகிற வழியிலேயே அலுவலகத்தில் கொடுத்து நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த சீலை விட்டுவிடாதீர்கள், அடுத்த முறை "எதுவும் வரலையே" என்று சொன்னால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

இன்னொன்று, வருடத்துக்கு ஒரு தடவை நிவாரணம் எடுக்க மட்டும் வைத்திருக்கிற கணக்கு என்றால், மார்ச் மாதமே ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். பிரச்சினை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், தடைக்காலத்தில் அலைய வேண்டாம்.

பணம் ஜூன் 13-ம் தேதி வந்தது. அப்பா அப்போது லாஞ்சில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார், மறுநாள் நள்ளிரவோடு தடை முடிகிறது. போன் செய்து சொன்னதும், முதலில் அந்த வட்டிக்காரருக்கு ஐயாயிரத்தைக் கொடுத்துவிடும்மா என்றார். மே மாதம் தங்கச்சிக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வாங்கியது அது.