கையைக் கடிக்காத விலையில் ஒரு ஸ்நோ புளோவர்

கனடாவின் ரொறொன்ரோ நகரில், ஸ்காபுறோவில் இரண்டு கார் அருகருகே நிற்கும் டிரைவ்வே ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம். அதன்மேல் 15 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் கிட்டத்தட்ட 11 கன மீற்றர். கடுங்குளிரில் பொடியாக விழும் பனி கன மீற்றருக்கு 100 கிலோ அளவில் நிற்கும். மொத்தம் ஒரு தொன்னுக்குச் சற்று மேல். அதே 15 சென்ரிமீற்றர் மார்ச் மாதத்தில், வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கும்போது ஈரமாக விழுந்தால் மூன்று தொன்னைத் தொட்டுவிடும். பதினைந்து வீடுகளைப் பனி அகற்றும் ஒப்பந்தத்துக்கு எடுத்தவர், வீட்டுக்காரர் வேலைக்குப் புறப்படுமுன் இந்தப் பாரம் முழுவதையும் நகர்த்தியாக வேண்டும்.

கடையில் ஸ்நோ புளோவர், அதாவது பனியை அள்ளி வீசும் மெசின், பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. அகலம் எத்தனை அங்குலம், எஞ்சின் எத்தனை சிசி என்று பார்த்து விலையோடு தெரிவு முடிந்துவிடுகிறது. தொழிலுக்கு வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: இதைத் தனி ஆளாக வான் வண்டியில் ஏற்றி இறக்க முடியுமா? புயல் அடித்த காலையில் பதினைந்து தடவை ஏற்றி, பதினைந்து தடவை இறக்க வேண்டும். றப்பர் துடுப்பே பனியை அள்ளி வீசிவிடும் சிங்கிள் ஸ்டேஜ் மெசின் 40 முதல் 50 கிலோ. பழகிய ஒருவர் கைபிடியை மடக்கி, முன்பக்கத்தை வானின் விளிம்பில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கித் தள்ளிவிடலாம். இரும்புச் சுருள் அள்ள, பின்னால் இன்னொரு பாகம் வீசும் டூ ஸ்டேஜ் என்றால் 24 அங்குலமே 90 கிலோ அளவில் வரும். அதற்குச் சரிவுப்பலகையோ ரெயிலரோ வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நிமிடம் ஏற்றி இறக்குவதற்கே போய்விடும்.

ஆகவே கையில் இரண்டாயிரம் டொலர் அளவில் வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்குபவர், அதை முழுவதுமாக ஒரு புதிய டூ ஸ்டேஜ் மெசினில் போடுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஒரு நல்ல சிங்கிள் ஸ்டேஜைப் புதிதாக வாங்கி, மிச்சக் காசில் பாவித்த டூ ஸ்டேஜ் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே புத்தி. ஒன்று படுத்துவிட்டால் மற்றது கைகொடுக்கும் என்பது இதில் சேரும் இன்னொரு நன்மை. ஒன்ராறியோவில் கடை விலைக்கு மேல் 13 வீத விற்பனை வரி வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சிங்கிள் ஸ்டேஜில் றப்பர் துடுப்புகள் தரையைத் தொட்டுச் சுழன்று, அள்ளிய பனியை அதே வேகத்தில் குழல் வழியாக வீசிவிடும். தரையைத் தொடுவதால் கீழே தார் தெரியுமளவுக்குச் சுத்தமாக எடுக்கும்; அந்த அளவுக்கு ஐஸ் உருகத் தூவும் உப்பும் குறையும். சக்கரத்துக்குத் தனி இயக்கம் பெரும்பாலும் இருக்காது. துடுப்பு தரையைப் பற்றுவதால்தான் மெசின் முன்னே போகிறது, கைபிடியைச் சற்று உயர்த்தினால் இழுவை கூடும். இந்த வகையில் 200 சிசிக்குக் குறையாத எஞ்சின் தொழிலுக்கு நல்லது. ரோறோ பவர் கிளியர் 721 போன்ற 212 சிசி, 21 அங்குல மெசின்களைப் பனி அகற்றுவோரின் வான்களில் அதிகம் காணலாம். 21 அங்குலம் என்றால் 53 சென்ரிமீற்றர். ஓரம் ஒன்றன்மேல் ஒன்று விழ ஓட்டும்போது 45 சென்ரிமீற்றர்தான் கணக்கு. மேலே சொன்ன டிரைவ்வேயில் மொத்தம் 160 மீற்றர் நடக்க வேண்டும். திருப்பங்கள், படிக்கட்டு, வாசல் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பொடிப்பனியில் 20 சென்ரிமீற்றர் வரை இந்தக் கணக்கு பிசகாது.

பிசகும் இடம் டிரைவ்வேயின் வாய். நகரசபையின் புளோ வண்டி தெருப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் ஒரு மேட்டை விட்டுப் போகும். ரொறொன்ரோவில் பல பகுதிகளில் நகரசபையே அந்த மேட்டைத் திறந்துவிடுகிறது என்றாலும், வாடிக்கையாளர் கார் எடுக்கும் நேரத்துக்கு முன் அது நடந்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. அந்த மேடு உப்பும் தண்ணீரும் ஐஸ் கட்டிகளும் சேர்ந்து இறுகியது. கன மீற்றருக்கு 400, 500 கிலோ. றப்பர் துடுப்பு அதன்மேல் ஏறித் துள்ளும், உள்ளே கடிக்காது. சிங்கிள் ஸ்டேஜ் மட்டுமே கையில் இருந்தால் மேட்டை முதலில் சவளால் உடைத்து, மெசினின் பாதி அகலத்தை மட்டும் கொடுத்துப் பக்கவாட்டில் இருந்து சீவிக்கொண்டு வர வேண்டும். முழு அகலத்தையும் கொடுத்து முட்டினால் பெல்ற் வழுக்கிக் கருகும். றப்பர் கருகும் மணம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் ஓட்டினால் பெல்ற் போய்விடும்.

சரளைக்கல் பாதைக்கும் சிங்கிள் ஸ்டேஜ் ஆகாது. துடுப்பு கல்லை அள்ளி யன்னலுக்கு வீசிவிடும்.

டூ ஸ்டேஜில் பல் வைத்த இரும்புச் சுருள், அதாவது ஓகர், பனியைக் கடித்து நடுவுக்குக் கொண்டுவரும். பின்னால் உள்ள விசிறி போன்ற இம்பெல்லர் அதை எடுத்து வீசும். சக்கரம் தானே ஓடும். நடைபாதைகளும் பக்கவாசல்களும் பெரும்பாலும் மூன்று அடிதான் என்பதால் 24 அங்குலத்துக்கு மேல் போக வேண்டிய தேவை சிறு தொழிலுக்கு இல்லை. 28 அங்குலம் நேரே போகும்போது நுழைந்துவிடும். வாசலில் கொஞ்சம் திருப்பினால் தூணில் இடிக்கும். அகலத்துக்குக் கொடுக்கும் காசைச் சக்கரத்தைத் தனித்தனியே விடுவிக்கும் விசைக்குக் கொடுப்பது மேல். 100 கிலோ மெசினை ஒரு காலையில் இருநூறு தடவை திருப்புபவரின் தோளுக்கு அதன் அருமை தெரியும்.

பாவித்த மெசினைப் பார்க்கப் போகும்போது எஞ்சினைக் குளிரவைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போனதும் எஞ்சினில் கையை வைத்துப் பார்க்கலாம். ஏற்கனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்ராட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றை இழுத்தே ஸ்ராட் செய்ய வேண்டும். பெரும்பாலான மெசின்களின் மின் ஸ்ராட்டருக்கு 120 வோல்ற் வயர் தேவை. வாடிக்கையாளர் வீட்டு வாசலில், விடிவதற்கு முன், பிளக் தேடி அலைய முடியாது. ஒயில் அளவுகோலை எடுத்து மணந்து, பெற்றோல் வாடை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடித்தால், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேற்றரின் ஊசி மூடாமல் பெற்றோல் உள்ளே கசிகிறது. ஒயில் நீர்த்துப்போனால் எஞ்சின் தேயும்.

அடுத்தது பலரும் தவறவிடும் சோதனை. எஞ்சினை நிறுத்தி, ஸ்பாக் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஓகரைத் தண்டோடு இணைக்கும் ஷியர் பின்கள் இரண்டையும் தட்டி வெளியே எடுங்கள். இப்போது இடது, வலது ஓகர்கள் தண்டின்மேல் கையால் சுற்றினால் தனியே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் உள்ளே துருப்பிடித்துத் தண்டோடு ஒட்டிக்கொண்டது என்று பொருள். ஷியர் பின்னுக்கு இருக்கும் ஒரே வேலை, கல்லோ ஐஸ் கட்டியோ சிக்கும்போது தான் முறிந்து கியர்ப் பெட்டியைக் காப்பாற்றுவது. ஓகர் தண்டோடு ஒட்டியிருந்தால் பின் முறிந்து தண்டை விடுவிக்க முடியாது. அடி முழுவதும் கியர்ப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியை மாற்றும் செலவு பல சமயம் பழைய மெசினின் விலையையே எட்டிவிடும். வெளியே பளபளவென்று பெயின்ற் அடித்து வைத்திருக்கும் மெசின்களிலும் இந்தத் துருவைக் காணலாம்.

முறிந்த பின்னுக்குப் பதிலாக வன்பொருள் கடையில் கிடைக்கும் கடினமான போல்ற்றைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். போட்டிருந்தால் அந்த மெசினை விட்டுவிடுவது நல்லது.

பின்பு அடித்தட்டைக் கழற்றினால் சக்கர இயக்கத்துக்கான உராய்வுத் தட்டு தெரியும். சுற்றிவர றப்பர் வளையம் இருக்கும். அதன் றப்பர் தேய்ந்து உலோகம் வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டும். விலை அதிகமில்லை, ஆனால் பேரம் பேச அது உதவும். றப்பரில் கிறீஸ் பட்டிருந்தால் சமதரையில் நன்றாக ஓடும், ஏற்றத்தில் நின்றுவிடும். முன்வாயின் அடித்தகடு தேய்ந்து, பெட்டியின் இரும்பே தரையில் உரசிய அடையாளம் இருந்தால் கவனம் தேவை. தகட்டை மாற்றுவது எளிது. பெட்டியை மாற்ற முடியாது. ரெகும்சே நிறுவனத்தின் எஞ்சின் பூட்டிய பழைய மெசின்கள் இன்னும் நிறையச் சுற்றிவருகின்றன. அந்த எஞ்சின்கள் இப்போது செய்யப்படுவதில்லை என்றாலும் கார்புரேற்றர் போன்றவை மாற்று உற்பத்தியில் கிடைக்கின்றன. இரும்பு நல்ல நிலையில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கிய பின், முன்வாயின் இரு பக்கமும் தரையில் சறுக்கும் ஸ்கிட் ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும். தட்டையான தரையில் மெசினை நிறுத்தி, அடித்தகட்டின் கீழே 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மட்டையை இரண்டு பக்கமும் வைத்து, ஷூ நட்டுகளைத் தளர்த்தினால் ஷூ தானே தரைக்கு இறங்கும். அப்படியே இறுக்கிவிடலாம். தார்த் தரைக்கு இந்த 3 மில்லிமீற்றர் போதும். மேடுபள்ளமான இன்ரலொக் கல்லுக்கு 6. சரளைக்கு 25க்குக் குறையக்கூடாது. ரயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று இறங்கினால் மெசின் அந்தப் பக்கமே இழுக்கும், அடித்தகடும் சரிந்து தேயும்.

ஈரப்பனி குழலில் அடைப்பதற்கு முக்கிய காரணம், இம்பெல்லருக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே உள்ள 6 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி. அதன் வழியே குழம்பு வழுக்கித் திரும்பிவிடும். இம்பெல்லரின் ஒவ்வொரு தகட்டின் நுனியிலும் கனத்த றப்பர் பட்டையைப் போல்ற் போட்டுப் பூட்டினால் வீச்சு நன்றாகவே கூடும். எல்லாப் பட்டைகளும் ஒரே எடையில் இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் மெசின் அதிர்ந்து பெயரிங்கைத் தின்றுவிடும். ஈரப்பனியில் எஞ்சினைக் குறைத்து ஓட்டக்கூடாது. வீசும் தூரத்தைத் தீர்மானிப்பது இம்பெல்லரின் வேகம். எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, நடையைக் குறைத்து, அரை அகலம் மட்டும் கொடுப்பதே வழி.

அப்படியும் அடைத்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லாம் நின்றபின், மெசினோடு வரும் தடியால் மட்டுமே குத்த வேண்டும். கையுறை போட்ட கையாலும் வேண்டாம். எஞ்சின் நின்ற பிறகும் பெல்ற்றில் இழுவிசை தேங்கி நிற்கலாம். அடைப்பு நீங்கிய கணத்தில் இம்பெல்லர் அரைச் சுற்றுச் சுற்றும். விரலைத் துண்டிக்க அது போதும். உதவிக்கு வரும் இளையவர்களுக்கு மெசினை ஸ்ராட் செய்யக் கற்றுக்கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பனியை எங்கே வீசுவது என்பதும் தெரிவைப் பாதிக்கும். ரொறொன்ரோவை அடுத்த மார்க்கம், பிரம்ரன் நகரங்களின் புதிய வீடுகளில் இரண்டு டிரைவ்வேகளுக்கு நடுவே ஒரு மீற்றர் புல்தரைதான். தெருவில் தள்ளிவிடவும் முடியாது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு அனுமதியின்றி வீதியில் பனி போடுவதைத் தடுக்கிறது. இங்கே 12 மீற்றர் வீசும் மெசினைவிட, குழலை ஓடும்போதே திருப்பி அதன் நுனி மூடியையும் தாழ்த்தக்கூடிய மெசின் உதவும். குனிந்து கையால் மூடியைத் தாழ்த்த வேண்டிய மாடல் மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று போக வேண்டிவரும்.

பற்றறி மெசின்கள் அதிகாலையில் அதிகச் சத்தமில்லாமல் ஓடும், பெற்றோல் தொல்லை இல்லை. ஆனால் குளிர் பற்றறியின் கொள்ளளவைக் குறைக்கும், ஈரப்பனி இன்னும் வேகமாக உறிஞ்சும். மூன்று நான்கு வீட்டுக்குப் போதும். பதினைந்து வீட்டுக்கு மேலதிகப் பற்றறிகள் வாங்கும் செலவில் இன்னொரு பெற்றோல் மெசின் வந்துவிடும்.

உத்தரவாதத் தாளையும் வாசிக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கு மூன்று ஆண்டு என்று பெரிதாக எழுதியிருக்கும். வாடகைக்கோ தொழிலுக்கோ பாவித்தால் 90 நாள் என்பது சில நிறுவனங்களின் தாளில் கீழே இருக்கும். அதனால் நிறுவனத்தின் பெயரைவிட, துடுப்பும் பெல்ற்றும் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் கிடைக்கும் என்பதே பெரிய விடயம். புயலன்று இணையத்தில் சொல்லிவைத்த பெல்ற் மறுநாள் வந்து பயனில்லை. வானில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஓகர் பெல்ற் ஒன்று, சக்கர பெல்ற் ஒன்று, ஷியர் பின் ஆறு, அதைத் தட்ட ஒரு சுத்தியலும் குத்தூசியும், புதிய ஸ்பாக் பிளக். பிளாஸ்ரிக் உறையில் சுற்றி எறிந்த பத்திரிகையும் வாசல் கால்மிதியும் கிறிஸ்மஸ் விளக்கு வயரும்தான் பின்னை அதிகம் முறிப்பவை. தரை உறையுமுன், நவம்பரிலேயே, ஓரங்களில் அடையாளக் குச்சிகளை நட்டுவிட்டால் பின்கள் சில மிஞ்சும்.

பாவித்த மெசின் வாங்க ஏப்ரல் நல்ல மாதம். பனி முடிந்து கராஜில் இடம் வேண்டும் என்று விற்பவர்கள் அப்போதுதான் இறங்கி வருவார்கள். வாங்கியதும் முதல் வேலை, தாங்கியில் உள்ள பெற்றோலை முழுவதும் வடித்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுவது. எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் கார்புரேற்றரின் கிண்ணத்தில் தங்கித் துருவாக்கும், குளிரில் உறைந்து நுண்துளையை அடைக்கும். பிறகு சூடான எஞ்சினில் இருந்து பழைய ஒயிலை வடித்து 5டபிள்யு-30 ஊற்றி, ஓகர் தண்டில் கிறீஸ் ஏற்றி, கழற்றிய ஷியர் பின்களுக்குப் பதிலாகப் புதியவற்றைப் போட்டு மூடிவையுங்கள்.