பன்றிக்குப் பணம் வந்தது, காலிக் கொட்டிலுக்கு வரவில்லை

2022 ஜூலையில் வயநாடு மானந்தவாடி பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியானபோது எங்கள் பண்ணையில் ஒரு பன்றிக்குக்கூட நோய் இல்லை. கூடலூரில் இருக்கும் நானும் மானந்தவாடியிலேயே குடியிருக்கும் மச்சானும் கூட்டாக நடத்திய பண்ணை அது. போபால் ஆய்வகத்தில் நோய் உறுதியான பண்ணைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு காப்பித் தோட்டம்தான். நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகள் அத்தனையையும் அழிக்க வேண்டும் என்பது விதி.

நல்லா இருக்கிற பன்றியை ஏன் கொல்லணும் என்று மச்சான் சண்டைக்கே போய்விட்டார். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் இந்த நோய்க்கு மருந்து இல்லை, நம் நாட்டில் பன்றிக்குப் போடத் தடுப்பூசியும் இல்லை. மனிதருக்குத் தொற்றாது என்றாலும் பண்ணைக்குள் நுழைந்தால் மிஞ்சுவது எதுவும் இருக்காது. செத்த பன்றிக்கு நஷ்டஈடும் கிடையாது. உயிரோடு பிடித்து அழிக்கும் பன்றிக்குத்தான் உண்டு. "நாளைக்கு இங்கயும் வந்துட்டா கையில ஒண்ணும் நிக்காது மாப்ளே" என்று நான் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

நஷ்டஈடு எடையைப் பொறுத்தது. 15 கிலோ வரை 2,200 ரூபாய், 40 வரை 5,800, 70 வரை 8,400, 100 வரை 12,000, அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. அழிக்கும் பன்றிகளை எடையோடு அதிகாரிகள் பதியும் தாளான மகஜர் எழுதும்போது பக்கத்திலேயே நின்றேன். 69 கிலோவுக்கும் 71 கிலோவுக்கும் நடுவே 3,600 ரூபாய் தொங்குகிறது. கண்மதிப்பாக எழுத விடாதீர்கள், தராசில் ஏற்றச் சொல்லுங்கள். கறிக்கு வளர்த்த பன்றிகளுக்கு இந்தக் கணக்கு பெரிய அநியாயம் இல்லை. அடி வாங்கியது தாய்ப்பன்றிகளில். வயிறு தரையில் உரசும் நிறைசினையாக ஒன்று நின்றது. ஈன்றால் பத்துக் குட்டிக்குக் குறையாது. தாளில் அது '100 கிலோவுக்கு மேல், ஒன்று'. அவ்வளவுதான்.

ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். மிச்சமிருந்த தீவனமும் போனது. ஆதார், வங்கிப் புத்தக நகல், மகஜர் நகல் மூன்றையும் அன்றைக்கே கையில் வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. பணம் கணக்கில் ஏறியது.

உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கொட்டிலைக் கழுவி, காஸ்டிக் சோடா கரைசல் அடித்து, காயவிட்டு, அனுமதி வரும்வரை காலியாகப் போட வேண்டும். வங்கித் தவணை காத்திருக்காது. வேலைக்காரரை அனுப்பிவிட்டால் திரும்ப அதே ஆள் கிடைக்க மாட்டார். கறிக்கடைக்காரர் வேறு பண்ணையைப் பிடித்துக்கொள்வார். இதில் எதற்கும் நஷ்டஈட்டுப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

மறுபடி தொடங்கலாம் என்று நினைக்கையில், 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தன, அதே நோய். கொட்டிலைச் சுற்றி இரண்டாவது கம்பிவேலி போட்டோம். பன்றிக்குப் போட்டுவந்த ஹோட்டல் கழிவையும் நிறுத்தினோம். சரியாக வேகாத பன்றிக்கறித் துணுக்கு ஒன்று போதும், வைரஸ் உள்ளே வந்துவிடும். கம்பெனித் தீவனத்துக்கு மாறியதும் செலவு எகிறியது. பன்றி வளர்ப்பில் செலவில் பெரும்பகுதி தீவனம்தானே.

தாய்ப்பன்றியிலிருந்து தொடங்கினால் சினை 114 நாள், பால்குடி மறக்க ஒன்றரை மாதம், விற்கும் எடைக்கு இன்னும் ஐந்தாறு மாதம். ஏறக்குறைய ஒரு வருடம் ஒரு பைசா வராது. அதனால் பால் மறந்த குட்டிகளைக் கொஞ்சமாக வாங்கி விட்டோம். அவை நோயில்லாமல் நின்ற பிறகே தாய்ப்பன்றி வாங்கினோம்.

நோயை மறைத்து ராத்திரியோடு ராத்திரியாகப் பன்றியை வண்டி ஏற்றுகிறவர்களை எல்லோரும் திட்டுகிறார்கள். அப்படி ஏற்றுவது மாவட்டத்தையே அழிக்கும் வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆள் பயப்படுவது பன்றியின் விலைக்காக அல்ல, அதற்குப் பின்னால் வரும் வருமானமில்லாத ஒரு வருடத்துக்காக. கொட்டில் காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கு வட்டியையாவது அரசு தள்ளுபடி செய்தால், பன்றி தீவனம் எடுக்காத முதல் நாளே டாக்டருக்கு போன் போகும். அன்றைக்கே தெரிந்தால் ஒரு பண்ணையோடு நிற்கும் நோய், வண்டியில் ஏறிவிட்டால் பல பண்ணைகளுக்கு நஷ்டஈடு கேட்கும்.