பிறப்பதற்கு முன்பே போட்ட தடுப்பூசி: நியூயார்க்கில் பள்ளிச் சேர்க்கை

ஊரிலிருந்து பிள்ளைகளோடு நியூயார்க் கிளம்புகிறவர்கள், தடுப்பூசி அட்டையை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். எங்கள் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அலைந்ததில் ஒன்பது பள்ளி நாள் போனது அந்த அட்டையால்தான்.

எந்த வகுப்பு என்பதில் குழப்பம் இல்லை, பிறந்த வருடம்தான் கணக்கு. எந்தப் பள்ளி என்பதை முகவரி சொல்லிவிடும். அந்த முகவரிக்கு இரண்டு சான்று வேண்டும். நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து குடியிருக்கிறோம், வாடகை ஒப்பந்தம் அவர்கள் பெயரில். கைப்பேசி பில்லை எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை திரும்பி வந்தேன். ஒப்பந்தக்காரர் நோட்டரி முன் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

இரண்டாம் தடவை போனபோது வெளியே முழங்கால் அளவு பனி. பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 08/04/2019. அட்டையில் முதல் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான) ஊசி 24/05/2019. விரலை இரண்டின் மேலும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "பிறப்பதற்கு முன்னால் எப்படி ஊசி போட்டீர்கள்?" என்று கேட்டார். அவர் கணக்கில் 08/04 ஆகஸ்ட் 4. நம் ஊரில் நாள்தான் முதலில், இது ஏப்ரல் 8, பாருங்கள், 24-வது மாதம் என்று ஒன்று உண்டா என்றேன். தலையசைத்தார், ஆனால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எல்லா ஊசியும் முடிந்த பிறகு வாருங்கள்."

என்ன முடியவில்லை என்பது குழந்தை மருத்துவரிடம் போன பிறகுதான் புரிந்தது. நம் அரசு அட்டையில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லா ஊசி மட்டும். பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. ஒன்பதாம் மாதத்தில் போட்ட முதல் தவணை, ஒரு வயதுக்கு முன்னால் போட்டது என்பதால் இங்கே செல்லாது. சின்னம்மைக்கு ஊசியே போடவில்லை. போலியோ சொட்டு மருந்தும் கணக்கில் வராது. 2016 ஏப்ரலிலிருந்து கொடுத்த சொட்டு மருந்தை இங்கே ஏற்பதில்லை. ஒரு ஊசி விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அழுகை வந்துவிட்டது. ஊரிலேயே தனியார் மருத்துவரிடம் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசி), சின்னம்மை இரண்டையும் போட்டு, மாதத்தை எழுத்தில் எழுதி முத்திரை வாங்கியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

மகளுக்கு அன்றே மூன்று ஊசி. "ஒண்ணு, ரெண்டு" என்று தானே எண்ணினாள். மூன்றாவதுக்குத்தான் குரல் உடைந்தது. சின்னம்மையின் அடுத்த தவணைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை பள்ளி இல்லையா?

பௌன் தெருப் பிள்ளையார் கோயில் கேன்டீனில் ஒரு திருநெல்வேலி அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஏன்மா இப்படி அலையுறே? முதல் தவணை போட்டு, அடுத்ததுக்குத் தேதி வாங்கிட்டாலே சேத்துக்கணும். 311-க்குப் போன் போடு" என்றார். 2002-லிருந்து இந்த ஊரில் பள்ளிகள் மேயரின் பொறுப்பு. குப்பை அள்ளவில்லை என்றாலும் பிள்ளையைச் சேர்க்கவில்லை என்றாலும் கூப்பிடுவது நகர நிர்வாகத்தின் அதே 311 எண்தான். தமிழில் பேச வேண்டும் என்றேன், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் கொண்டுவந்தார்கள். அக்கா சொன்னது சரி. அதோடு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஊசிச் சான்று கொண்டுவர 30 நாள் வரை அவகாசமும் உண்டு.

குடும்பங்களுக்கான சேர்க்கை மையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே அரை மணி நேரத்தில் முடிந்தது. விசாவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, கேட்கவும் கூடாது. வீட்டு மொழி எது என்ற படிவத்தில் தமிழ் என்று எழுதினேன். அதனால் ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள், பயப்பட வேண்டாம், கூடுதலாகச் சொல்லித்தருவதற்குத்தான்.

முதலில் திருப்பி அனுப்பிய அதே அம்மாவிடம்தான் மறுநாள் காகிதங்களை நீட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு தேதியையும் ஆங்கில மாதப் பெயரோடு தனித்தாளில் எழுதியிருந்தேன். படித்தார், முத்திரை குத்தினார், மகளின் கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்துப் போனார். அடுத்த ஊசி ஏப்ரலில்.